முகவரி கேட்கும் படிவம்

“அடுத்தவர் காசு போட்டு எடுத்த படத்திலிருந்து துண்டு வெட்டிப் போட்டால் அது திருட்டுத்தானே?” என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு கல்யாணப் பந்தியில் என்னிடம் கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. என் அக்கா மகன் யூடியூபில் திரைப்பட விமர்சனம் செய்பவன் என்பதும், அவனுடைய காணொளி ஒன்று பதிப்புரிமைப் புகாரினால் நீக்கப்பட்டது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தன. பாயசம் வந்ததோடு பேச்சு நின்றுவிட்டது, கேள்வி நிற்கவில்லை. ‘இல்லை’ என்று சொல்வது எளிது. ஆனால், திருட்டு இல்லை என்றால், சட்டமும் அதைத் திருட்டு என்று சொல்லவில்லை என்றால், அந்தக் காணொளி ஏன் இன்றுவரை திரும்பி வரவில்லை என்ற இரண்டாவது கேள்வி உடனே எழுகிறது. எனக்கு இப்போது அந்த இரண்டாவது கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது.

முதலில் அந்தக் காணொளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் எடுக்கப்பட்ட ஒரு படத்தில் இலங்கை மலையகம் சிறிது நேரம் வந்து போகிறது. அதில் வரும் கொழுந்து பறிக்கும் பெண், யாழ்ப்பாணத் தமிழ் என்று சென்னையில் நினைத்துக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு தமிழைப் பேசுகிறாள். லயம், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு, என்று காட்டப்படுவது எந்த ஊரிலும் இல்லாத ஒரு கட்டடம். மருமகன் தன் விமர்சனத்தில் அந்தக் காட்சிகளிலிருந்து சில சிறு துண்டுகளை, ஒவ்வொன்றும் ஒரு வசனத்தின் நீளம் மட்டுமே இருக்கும்படி எடுத்துப் போட்டு, நிறுத்தி, ஏன் பிழை என்று விளக்கியிருந்தான். படத்தின் கதையை அவன் சொல்லவில்லை. பாட்டு எதையும் சேர்க்கவில்லை. படம் வெளியான வாரத்திலேயே காணொளி நீக்கப்பட்டு, சேனலுக்கு ஒரு ‘ஸ்ட்ரைக்’, அதாவது எச்சரிக்கைப் புள்ளி, விழுந்தது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் நம் பக்கத்து ஆட்கள். “அந்தப் பொண்ணு பேசுறத கேட்டீங்களா” என்று கருத்துப் பெட்டியில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் மறுநாள் சாம்பல் நிறப் பலகை ஒன்றைப் பார்த்தார்கள்.

துண்டு போடாமல் அதைச் சொல்லியிருக்க முடியாதா என்று சிலர் கேட்டார்கள். சொல்லலாம், யாரும் நம்ப வேண்டியதில்லை. ஒரு உச்சரிப்பு பிழை என்பதைக் காட்ட அந்த உச்சரிப்பைக் கேட்க வைத்தாக வேண்டும். எழுத்தில் விமர்சிப்பவர் இரண்டு வரியை மேற்கோள் குறிக்குள் போடுகிறார், அவரை யாரும் திருடர் என்பதில்லை. நம் மொழியில் மேற்கோளுக்கு இருக்கும் மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல. வளையாபதியும் குண்டலகேசியும் முழு நூலாக நம் கையில் இல்லை. எஞ்சியிருக்கும் பாடல்கள் உரைகளிலும் புறத்திரட்டு போன்ற தொகை நூலிலும் எடுத்தாளப்பட்டதால் தப்பியவை. தகடூர் யாத்திரையின் கதையும் அதுவே. உரையாசிரியர்கள் ஒவ்வொரு வரிக்கும் அனுமதி கேட்டு எழுத வேண்டியிருந்திருந்தால் அந்தப் பாடல்களும் போயிருக்கும். திரைப்படத்தைப் பற்றிப் பேசுபவனுக்கு மேற்கோள் என்பது சில வினாடி ஓடும் காட்சி. அதை எடுத்துவிட்டு விமர்சனம் செய் என்பது, குறளைச் சொல்லாமல் குறளுக்கு உரை எழுது என்பதுதான்.

சட்டமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. நம் நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 11 ஆம் பிரிவு, விமர்சனம், கருத்துரை, செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்ற நோக்கங்களுக்கான நியாயமான பயன்பாடு பதிப்புரிமை மீறல் ஆகாது என்கிறது. எது நியாயம் என்று தீர்மானிக்க அது தரும் அளவுகோல்கள், அதாவது பயன்பாட்டின் நோக்கம், மூலப் படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தையில் ஏற்படும் பாதிப்பு ஆகிய நான்கும், அமெரிக்கச் சட்டத்தின் சாயலைக் கொண்டவை. இந்தியாவின் 1957 ஆம் ஆண்டுச் சட்டமும் 52 ஆம் பிரிவில் விமர்சனத்தை வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2017 ஆகஸ்டில் நியூயோர்க் சமஷ்டி நீதிமன்றம் ஒன்று தீர்த்த வழக்கில், 5 நிமிடம் 24 வினாடி கொண்ட ஒரு காணொளியிலிருந்து 3 நிமிடம் 15 வினாடியை எடுத்து, இடையிடையே நிறுத்திக் கிண்டலும் விமர்சனமும் செய்த யூடியூப் தம்பதியினர் வென்றார்கள். பாதிக்கு மேல் எடுத்தும் அது நியாயமான பயன்பாடு என்றது நீதிமன்றம். என் மருமகன் எடுத்தது ஒரு முழுநீளப் படத்தில் ஒரு நிமிடம் கூட இராது.

தயாரிப்பாளர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. தியேட்டரில் தொலைபேசியைப் பிடித்து எடுத்த படம் அன்றிரவே இணையத்தில் கிடைக்கிறது. ‘கதை விளக்கம்’ என்ற பெயரில் முழுப் படத்தையும் வெட்டி ஒட்டி, மேலே ஒரு குரலை ஓடவிட்டுப் பிழைக்கும் சேனல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றை நான் விமர்சனம் என்று ஒப்புக்கொள்வதில்லை. காசு வாங்கிக்கொண்டு புகழ்பவர்களும், காசு கிடைக்காததால் திட்டுபவர்களும் இருக்கிறார்கள். இவர்களையும் என் மருமகனையும் பிரித்துப் பார்க்க ஒரு மனிதர் உட்கார்ந்து காணொளியைப் பார்க்க வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வெல்வதற்குள் வாரம் போய்விடும்

யூடியூபில் இரண்டு விதமான இடர்கள் உண்டு, பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, 2007 இல் வந்த ‘கன்டென்ட் ஐடி’ என்னும் தானியங்கி முறை. பெரிய உரிமையாளர்கள் தங்கள் படத்தையும் பாட்டையும் அதில் கொடுத்து வைக்கிறார்கள். புதிதாக ஏறும் ஒவ்வொரு காணொளியையும் இயந்திரம் அதோடு ஒப்பிடுகிறது. ஒத்துப்போனால் காணொளியை முடக்கலாம், அல்லது அதில் வரும் விளம்பரப் பணத்தை உரிமையாளர் எடுத்துக்கொள்ளலாம். இயந்திரத்துக்கு விமர்சனம் என்றால் என்னவென்று தெரியாது, ஒலியோ காட்சியோ ஒத்துப்போகிறதா என்று மட்டுமே தெரியும். மருமகன் ஒருமுறை உள்ளூர்க் குறும்படம் ஒன்றைப் பற்றித் தோட்டத்து மேட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தான். ஆடி மாதம், கோயில் ஒலிபெருக்கி அம்மன் பாட்டை மலை முழுவதும் கேட்கும்படி போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் காணொளியை ஒரு இசை நிறுவனம் தன்னுடையது என்று உரிமை கோரியது. நாங்கள் சிரித்தோம், ஆனால் அந்தக் கோரிக்கையை மறுத்தால் பதில் சொல்ல எதிர்த் தரப்புக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அவர்கள் மறுத்து, நாம் மேல்முறையிட்டால் இன்னும் 7 நாள்.

இரண்டாவது, முறையான நீக்கக் கோரிக்கை. இது அமெரிக்காவின் 1998 ஆம் ஆண்டு டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டத்தின் 512 ஆம் பிரிவிலிருந்து வருவது. உரிமையாளர் புகார் கொடுத்ததும் தளம் விரைந்து நீக்கிவிட வேண்டும்; நீக்கினால் தளத்தின் மீது பொறுப்பு விழாது. எனவே நீக்குவதில் தளத்துக்கு நட்டமில்லை, நீக்காமல் விடுவதில்தான் ஆபத்து. 90 நாட்களுக்குள் மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் சேனலே மூடப்படும், அதிலுள்ள எல்லாக் காணொளிகளும் போய்விடும். புகார் கொடுப்பவர் அதற்கு முன் நியாயமான பயன்பாட்டைப் பற்றி யோசித்தாக வேண்டும் என்று 2015 இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொன்னது உண்மை. வீட்டுக் குசினியில் ஒரு குழந்தை பாட்டுக்கு ஆடும் 29 வினாடிக் காணொளியைப் பற்றிய வழக்கு அது. காணொளி நீக்கப்பட்டது 2007 இல், வழக்கு முடிந்தது 2018 இல். குழந்தை அதற்குள் பள்ளியில் மேல் வகுப்புக்குப் போயிருக்கும். யோசித்ததாக மனதார நம்பினால் போதும் என்றும் அதே தீர்ப்பு சொல்லிவிட்டதால், அந்தக் கடமைக்குப் பல் அதிகமில்லை.

நீக்கத்தை எதிர்த்து ‘எதிர் அறிவித்தல்’ கொடுக்கலாம். கொடுத்தால், புகார் கொடுத்தவர் வழக்குப் போடாத பட்சத்தில், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் காணொளியைத் திரும்பப் போட வேண்டும் என்பது சட்டம். ஒரு தமிழ்ப் படத்தின் ஆயுள் என்ன என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை வெளியாகிறது, அடுத்த வெள்ளிக்கு வேறு படம் வந்துவிடுகிறது. 2024 டிசம்பரில் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, படம் வெளியாகி மூன்று நாட்களுக்கு யூடியூபிலும் சமூக ஊடகங்களிலும் விமர்சனம் வரக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் கேட்டது. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. மூன்று நாளைக் கூட ஒரு நீதிபதி தரவில்லை. ஒரு படிவத்தை நிரப்பினால், எந்த நீதிபதியும் பார்க்காமலே, இரண்டு வாரத்துக்கு மேல் கிடைக்கிறது. எதிர்த் தரப்பு வழக்கில் வெல்ல வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் வழக்கே தேவைப்படாது.

இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் எதிர் அறிவித்தல் கொடுப்பது என்று தீர்மானித்தோம். வாரம் போனால் போகட்டும், ஸ்ட்ரைக்காவது நீங்கட்டும் என்பது மருமகனின் எண்ணம். புகார் கொடுத்தவர்களுக்கு அவன் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதிப் பார்த்தான், பதில் வரவில்லை.

“இதுல நம்ம வீடு எங்க இருக்கு?”

அக்கா வீடு டிக்கோயாப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில். படிவத்தைத் தொலைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு மருமகன் ஒவ்வொன்றாக நிரப்பினான். சட்டப்படியான முழுப் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி இலக்கம் எல்லாம் ஓடிவிட்டன. “மாமா, அட்ரஸ் கேக்குறான். எதப் போட?” என்றான். எப்போதும் எழுதுவது போல, பெயர், டிவிஷன், தோட்டம், தபாலகம் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அவன் எழுதிவிட்டு நிமிர்ந்து, “இதுல நம்ம வீடு எங்க இருக்கு?” என்று கேட்டான்.

வெளியூர் வாசகர்களுக்கு இது விளங்காமல் போகலாம். அந்த டிவிஷனில் இருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் அதே முகவரிதான். லயத்தில் கதவுக்கு இலக்கம் எழுதியிருந்தாலும் தபாலுக்கு அது கணக்கில்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கே பிரிக்கப்பட்டு, யாரோ ஒருவர் கையில் லயத்துக்கு வரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு வந்த கதை தோட்டத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் கிடைக்கும். அதனால் முக்கியமான எதற்கும் டவுனில் தெரிந்த ஒரு கடையின் முகவரியைக் கொடுப்பது வழக்கம். என் வீட்டு முகவரியைப் போடச் சொன்னேன். “சத்தியம் பண்ணச் சொல்றான் மாமா, கீழ பாருங்க” என்றான்.

கீழே பார்த்தேன். பொய்ச் சத்தியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டு இதைக் கூறுகிறேன் என்று ஒரு வரி. அமெரிக்காவுக்கு வெளியே வசிப்பவராயின், யூடியூப் அமைந்திருக்கும் மாவட்டத்தின், அதாவது வட கலிபோர்னியாவின், சமஷ்டி நீதிமன்ற அதிகாரத்துக்கு இணங்குகிறேன் என்று இன்னொரு வரி. புகார் கொடுத்தவரிடமிருந்து வரும் நீதிமன்ற அறிவித்தலை ஏற்றுக்கொள்வேன் என்றும் இருந்தது. எழுதிய பெயர், இலக்கம், முகவரி எல்லாம் அப்படியே புகார் கொடுத்தவருக்கு அனுப்பப்படும் என்பதும் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. நான் அவற்றைத் தமிழில் சொல்லச் சொல்ல, அடுப்படியில் இருந்த அக்கா வாசலுக்கு வந்தார். “கோர்ட்டுக் கடிதம் வந்தா ஆபிசுக்குத்தானே வரும்? தொரை என்ன ஏதுன்னு கேக்க மாட்டாரா?” என்றார். துரை என்பது தோட்ட முகாமையாளர். அக்கா இன்னும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவர். ஊழியர் சேமலாப நிதி கையில் வரச் சில வருடங்கள் இருக்கின்றன. துரை நல்லவராகக்கூட இருக்கலாம். ஆனால் பிள்ளையின் பெயருக்கு வெளிநாட்டு நீதிமன்ற உறை ஒன்று தாயின் வேலைத்தலத்து மேசையில் வந்து கிடப்பதை எந்தத் தாய் விரும்புவார்? மருமகன் ஒன்றும் பேசாமல் படிவத்தை மூடினான்.

அன்றிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பயம் வீண் என்று நான் அவர்களிடம் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடத் துண்டுக்காகக் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டு டிக்கோயாவுக்கு அறிவித்தல் அனுப்ப எந்த நிறுவனம் மெனக்கெடும்? ஆனால் முகவரி எதிராளியின் கைக்குப் போவது வெறும் கற்பனைப் பயமல்ல. 2019 ஆகஸ்டில் யூடியூப் நிறுவனமே நெப்ராஸ்கா மாநிலத்து ஆள் ஒருவர் மீது வழக்குத் தொடுத்தது. சிறிய சேனல்களுக்குப் பொய்யான பதிப்புரிமைப் புகார்களை அனுப்பி, பணம் கொடுத்தால் விலக்கிக்கொள்வதாக மிரட்டினார் என்பது குற்றச்சாட்டு. எதிர் அறிவித்தல் கொடுத்த ஒருவரின் வீட்டுக்கு, பொய்த் தகவல் கொடுத்துப் பொலிசை வரவழைத்த சம்பவத்திலும் அவருக்குத் தொடர்பிருக்கலாம் என்று வழக்கு மனு சந்தேகித்தது. வழக்கு அதே வருடம் 25,000 டொலர் இழப்பீட்டோடு சமரசமானது. பெரிய நகரங்களில் சட்டத்தரணி வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தப் படிவம் ஒரு சம்பிரதாயம். பூட்டிய கேட்டோ தனிப் பெயர்ப்பலகையோ இல்லாதவர்களுக்கு அது ஒரு விலை, அதையும் முன்கூட்டியே கட்ட வேண்டும்.

யூடியூப் சேனலையும் லயத்தையும் ஒப்பிட்டு, இரண்டுமே அடுத்தவர் மண், இரண்டுக்கும் உறுதிப்பத்திரம் இல்லை என்று எழுத இங்கே ஒரு உவமை தயாராக நிற்கிறது. நண்பர் ஒருவர் அப்படி எழுதும்படி சொல்லவும் செய்தார். எழுதப்போவதில்லை. 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து, மலையகத் தமிழர் இங்கே வந்த 200 வருடத்தை நினைவுகூர்ந்தபோது முகவரியும் காணியும் கேட்டோம். அதை ஒரு இணையக் கட்டுரைக்கு அலங்காரமாக்க மனம் வரவில்லை. உவமைக்குத் தேவையும் இல்லை. படிவம் நேரடியாக முகவரியையே கேட்கிறது, எங்களிடம் அதுதான் இல்லை.

வேறு இடத்தில் போட்டால் என்ன?

இது எல்லோரும் தரும் ஆலோசனை. ஒரு காலத்தில் ஆங்கில விமர்சகர்கள் பலர் யூடியூபின் புகார்களிலிருந்து தப்ப பிலிப் (Blip) என்ற தளத்துக்குப் போனார்கள். அது கைமாறி, 2015 ஆகஸ்டில் மூடப்பட்டது. வருடக்கணக்கான வேலையை அவர்கள் அவசர அவசரமாக மாற்ற வேண்டியதாயிற்று. விமியோ நல்ல தளம்தான், ஆனால் பார்வையாளர் பெருகினால் கட்டணமும் பெருகும். 2022 இல் சிறிய படைப்பாளிகள் பலருக்குத் திடீரென்று ஆயிரக்கணக்கான டொலர் கேட்டுக் கடிதம் போனதும், விமர்சனம் எழுந்த பிறகு மாதம் 2 டெராபைட் என்று எல்லையை அவர்கள் வெளிப்படையாக அறிவித்ததும் அந்தத் துறையில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். நம் ரூபாய் அதே வருடம் இரண்டே மாதத்தில் டொலருக்கு 200 இலிருந்து 360 க்குப் போனது. டொலரில் மாதக் கட்டணம் என்பது இங்கே தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம்.

சொந்த வலைத்தளத்தில் வைக்கலாம் என்று நாங்களும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 720 தரத்தில் பத்து நிமிடக் காணொளி ஏறத்தாழ 100 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் பேர் பார்க்க 100 கிகாபைட் ஓடும். மலிவான ஹோஸ்டிங்கில் ‘வரம்பில்லை’ என்று எழுதியிருக்கும், சிறிய எழுத்தில் காணொளி ஓட்டக் கூடாது என்றும் எழுதியிருக்கும். அதையும் தாண்டினால் பழைய சட்டமே அங்கும் வந்து நிற்கிறது. ஹோஸ்டிங் நிறுவனங்கள் பல அமெரிக்காவில் இருப்பவை. புகார் வந்தால், ஒரு காணொளியை மட்டும் பிரித்தெடுக்கத் தெரியாமல், கணக்கையே நிறுத்திவிடக்கூடும். யூடியூபிலாவது ஸ்ட்ரைக் என்று எண்ணிச் சொல்வார்கள்.

உண்மையில் எங்களைத் தடுத்தது இவை எதுவும் இல்லை, ரீலோட், அதாவது தொலைபேசிக்குக் காசு போடுவது. எங்கள் பார்வையாளர்கள் பலர் போடுவது யூடியூபுக்கு மட்டும், பேஸ்புக்குக்கு மட்டும் என்று விற்கப்படும் பெக்கேஜ். அந்தப் பெக்கேஜில் யூடியூப் எவ்வளவு நேரமும் ஓடும். எங்கள் வலைத்தளத்தைத் திறந்தால் சாதாரண டேட்டா கரையும். நாள் சம்பளத்தை முழுப் பெயராகவும் அரைப் பெயராகவும், அதாவது முழுச் சம்பள நாளாகவும் அரைச் சம்பள நாளாகவும், எண்ணும் வீடுகளில், ஒரு விமர்சனத்துக்காக டேட்டாவைக் கரைக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. பிரான்சின் பிராமசொவ்ட் அமைப்பு உருவாக்கிய பியர்டியூப் என்ற கட்டற்ற மென்பொருளையும் பார்த்தோம். பார்ப்பவர்களின் இணைப்புகள் தமக்குள் காணொளியைப் பகிர்ந்துகொண்டு வழங்கியின் சுமையைக் குறைக்கும் அழகான யோசனை அது. ஆனால் பார்ப்பவரின் டேட்டாவில் ஒரு பங்கு அடுத்தவருக்குப் போகிறது. நகரத்து பைபர் இணைப்புக்குப் பொருந்தும் அந்தப் பெருந்தன்மை, எங்கள் பக்கம் கட்டுப்படியாகாது.

இப்போது மருமகன் துண்டு போடுவதை நிறுத்திவிட்டான். காட்சியைத் தானே பென்சிலால் வரைந்து காட்டுகிறான், வசனத்தைத் தன் குரலில் சொல்லிக் காட்டுகிறான். நன்றாகச் செய்கிறான் என்று பலர் பாராட்டுகிறார்கள், எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பெண்ணின் தமிழை இவன் பேசிக் காட்டும்போது அது பகடியாகிவிடுகிறது, சான்றாக இருப்பதில்லை. படம் எடுத்தவர் ‘நாங்கள் அப்படி எடுக்கவில்லை’ என்று சொன்னால் காட்ட எங்களிடம் ஒன்றுமில்லை.

அதனால் டவுனில் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் போனோம். எதிர் அறிவித்தலைச் சட்டத்தரணி ஒருவர் தன் தொடர்பு விபரங்களைக் கொடுத்து, காணொளிக்காரர் சார்பில் அனுப்ப வழி உண்டு. அவர் இதற்குமுன் இப்படி ஒன்றைச் செய்ததில்லை. படித்துப் பார்க்க நேரம் கேட்டார், பிறகு சம்மதித்தார். நிபந்தனையாக, இனி ஒவ்வொரு விமர்சனத்தையும் ஏற்றுவதற்கு முன்பே, எந்தத் துண்டு எந்த வினாடியில் தொடங்கி எதில் முடிகிறது, அதன்மேல் என்ன சொல்லப்படுகிறது என்று பட்டியல் எழுதித் தன்னிடம் கொடுத்து வைக்க வேண்டும் என்றார். கலிபோர்னிய நீதிமன்றத்துக்கு இணங்கும் வரி அப்படியே இருக்கும், அதைத் தன்னால் மாற்ற முடியாது, வீட்டில் எல்லோருக்கும் விளங்கச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றும் சொன்னார். சொன்னோம். அக்கா கேட்டது ஒன்றுதான்: அவருடைய அலுவலகத்துக்குக் கடிதம் வந்தால், அன்றைக்கே போன் எடுத்துச் சொல்வாரா? சொல்வார் என்றேன்.